எட்செல் லாக்மன் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: மாகாணத்துச் சட்டத்தரணி ஒருவரால் பாராளுமன்றத்தில் என்ன செய்ய முடியும்?

ஹட்டன் மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கம், திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வீட்டில் அப்பாவோடு ஒரு வாக்குவாதம் நடந்து இரண்டு வாரமாகியும் முடியவில்லை, அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

அப்பா இருபது வருடம் தோட்டத்தில் சங்கத் தலைவராக இருந்தவர். அவர் சொல்வது இதுதான்: லோயருக்குப் படித்தவன் கொழும்பில் போய் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பான், இல்லாவிட்டால் எலெக்ஷன் கேட்டு எம்பியாகி வாகனப் பேர்மிட் வாங்குவான், சட்டம் எழுதி ஜனங்களுக்கு ஏதாவது மாறியது என்று ஒரு ஆளைக் காட்டு பார்ப்போம். எனக்கு உடனே பதில் வரவில்லை. கோபம்தான் வந்தது.

அடுத்த கிழமை விரிவுரையில் 2018ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம், அதாவது வலிந்து காணாமல் ஆக்கப்படுவதைக் குற்றமாக்கிய நம்முடைய சட்டம் பற்றிப் படித்தோம். அப்போது விரிவுரையாளர், ஆசியாவில் இப்படி ஒரு சட்டத்தை முதலில் கொண்டுவந்தது பிலிப்பைன்ஸ், 2012இல், அதை எழுதியவர் அல்பாய் என்ற மாகாணத்திலிருந்து வந்த எட்செல் லாக்மன் என்ற சட்டத்தரணி, அவருடைய சொந்தத் தம்பியே காணாமல் ஆக்கப்பட்டவர் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எனக்கு அந்த இடத்திலேயே மனம் நின்றுவிட்டது.

இவரைப் பற்றித் தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லை. எத்தனை வருடம் இருந்தார், உண்மையில் என்ன செய்தார், குறை என்ன? புகழ்ச்சி வேண்டாம். அப்பாவிடம் கொண்டுபோய் வைக்கக்கூடிய மாதிரிச் சொல்லுங்கள்.

---

பதுளை நீதிமன்ற வீதி எழுதியது:

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் பதுளையில் தொழில் செய்யும் சட்டத்தரணி. லாக்மன் சம்பந்தப்பட்ட வழக்குத் தீர்ப்புகளைப் படித்துத்தான் இவரை எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். அல்பாய் என்பது லூசோன் தீவின் தெற்கே பிக்கோல் பிரதேசத்தில் இருக்கும் மாகாணம், மயோன் எரிமலை இருக்கிறதே, அங்கேதான். தலைநகர் மணிலாவிலிருந்து தூரம். அதன் முதலாம் தொகுதியில் தபாக்கோ என்ற ஊரைச் சுற்றித்தான் இவருடைய அரசியல் எல்லாம். பிறந்தது 1942 மே 1. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானமும் சட்டமும் படித்தவர். சர்வாதிகாரி மார்க்கோஸ் விழுந்தபிறகு நடந்த 1987 தேர்தலில் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். 1987 முதல் 1998 வரை, அப்புறம் 2004 முதல் 2013 வரை, அப்புறம் 2016 முதல் 2025 ஜனவரி 30 அன்று 82 வயதில் இறக்கும்வரை. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 28 வருடம். நடுவில் ஏன் இடைவெளி என்றால், அங்கே ஒரு தவணை மூன்று வருடம் (1987இல் தொடங்கிய முதல் தவணை மட்டும் ஐந்து வருடம்), தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் ஒருவர் இருக்க அரசியலமைப்பு விடாது.

இனி முக்கியமான விஷயம். அவருடைய தம்பி ஹேர்மன் லாக்மன். அவரும் சட்டத்தரணிதான், மார்க்கோஸின் இராணுவச் சட்டக் காலத்தில் தொழிலாளர்களுக்காகவும் சங்கங்களுக்காகவும் வாதாடியவர். 1977 மே 11 அன்று விக்டர் ரேயெஸ் என்ற தொழிற்சங்க ஆளோடு ஒரு கூட்டத்துக்குப் புறப்பட்டார், இரண்டு பேரும் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான். உடல் இல்லை, வழக்கு இல்லை, யார் பிடித்தார்கள் என்று ஒப்புக்கொண்ட ஒரு அதிகாரி இல்லை. இன்னொரு தம்பி பிலெமோன், எல்லாரும் போப்போய் என்று கூப்பிடுவார்கள், பெரிய தொழிற்சங்கத் தலைவர், 2001 பெப்ரவரி 6 அன்று பல்கலைக்கழக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வீட்டில் ஒருவர் காணாமல் போனார், ஒருவர் சுடப்பட்டார், மூத்தவர் சட்டம் எழுதிக்கொண்டு இருந்தார்.

ஹேர்மன் காணாமல் போய் 35 வருடத்துக்குப் பிறகுதான், 2012 டிசெம்பர் 21 அன்று, குடியரசுச் சட்டம் 10353 கையெழுத்தானது. அதைப் படிக்கும்போது இது வெறுமனே வரைவாளர்கள் எழுதியது இல்லை, காணாமல் போனவரைத் தேடி முகாம் முகாமாக அலைந்த குடும்பம் பட்டதெல்லாம் உள்ளே இருக்கிறது என்று தெரியும். மூன்று இடம் சொல்கிறேன். ஒன்று, தடுப்பில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரும் பதிவேட்டில் இருக்கவேண்டும், உறவினர் கேட்டால் சொல்லவேண்டும். ஏனென்றால் "இங்கே அப்படி யாரும் இல்லை" என்ற பதில்தான் எல்லாக் குடும்பமும் முதலில் கேட்கும் பதில். இரண்டாவது, இராணுவம் தயாரிக்கும் எதிரிகள் பட்டியலில் பெயர் இருந்தது என்பதைக் காரணமாகக் காட்டமுடியாது, அப்படிக் கட்டளை வந்தால் கீழ்ப்படியாமல் இருக்கச் சிப்பாய்க்கு உரிமை உண்டு, தெரிந்தும் தடுக்காத மேலதிகாரியும் குற்றவாளி. மூன்றாவது, ஆள் உயிரோடு திரும்பாதவரை அந்தக் குற்றத்துக்குக் காலாவதி கிடையாது. யுத்தம், அவசரகாலம் எதையும் சாட்டாகச் சொல்லவும் முடியாது. நம்முடைய 2018 சட்டத்தில் உச்ச தண்டனை இருபது வருடம். அங்கே அது ஆயுட்காலச் சிறைக்குக் கிட்ட வரும்.

இது ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். 2006இல் மரண தண்டனையை ஒழித்த சட்டத்துக்கும் சபையில் முன்னின்றவர் இவர்தான். டுட்டேர்ட்டே ஜனாதிபதியாக வந்தபிறகு அதைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார்கள், 2017 மார்ச்சில் சபையில் 217 பேர் ஆதரவு, 54 பேர் எதிர்ப்பு. இவர் அந்த 54இல் ஒருவர். நம் நாட்டில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை, ஆனால் தண்டனை இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, அதைக் கழற்றி எறிய யாரும் ஒரு சட்டமூலத்தை முழுமூச்சாகக் கொண்டுபோகவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் சுடுகிறது.

நீதிமன்றத்தில் நிறையத் தோற்றவர் என்பதையும் சொல்லவேண்டும். மார்க்கோஸின் உடலை வீரர்கள் மயானத்தில் புதைக்கக்கூடாது என்று போட்ட மனுக்களில் இவருடையதும் ஒன்று, 2016 நவம்பரில் 9க்கு 5 என்று தோற்றது. 2017இல் தெற்கே மிண்டனாவோ தீவில் டுட்டேர்ட்டே இராணுவச் சட்டம் போட்டபோது முதல் ஆளாகப் போய் வழக்குப் போட்டார், அதுவும் தோற்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு இவருடைய பெயரில்தான் இருக்கிறது, இனி அந்த நாட்டில் எந்த ஜனாதிபதி இராணுவச் சட்டம் போட்டாலும் லாக்மன் வழக்கைப் புரட்டாமல் ஒருவரும் வாதாட முடியாது. தோற்ற வழக்கும் சட்டத்தில் ஒரு இடத்தைப் பிடித்துவைக்கும், தங்கச்சி. இதை அப்பாவிடம் சொல்லுங்கள், சங்கத்துக்காரருக்கு இது விளங்கும். தோற்ற வேலைநிறுத்தங்களை அவர் எத்தனை பார்த்திருப்பார்.

---

தலவாக்கலை அக்கா எழுதியது:

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் இந்தப் பெயரைப் பார்த்தவுடனே எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்தேன். அதே வீட்டில் சமையலுக்கு இருந்தது ஒரு பிலிப்பைன்ஸ்காரி, பிக்கோல் ஊர்க்காரி, தேங்காய்ப் பாலும் கொச்சிக்காயும் இல்லாமல் சமைக்கத் தெரியாது, அதனாலேயே இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. 2012 கடைசியில் ஒரு நாள் இரவு போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். என்ன என்று கேட்டால், எங்கள் ஊர் ஆளுடைய சட்டம் பாஸாகிவிட்டது என்றாள். அவள் சொன்னது காணாமல் போனவர்கள் சட்டத்தை இல்லை, குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை. இரண்டும் ஒரே நாளில் கையெழுத்தானது என்பதை இந்தத் திரியைப் படித்தபிறகு தேடிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவளுடைய ஊரில் கோயிலில் பாதிரியார் பிரசங்கத்திலேயே அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசுவாராம். ஏழு பிள்ளை பெற்ற அவளுடைய அக்காவுக்கு மாத்திரை வாங்கக் காசு இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் இல்லை. அந்தச் சட்டம் வந்தபிறகுதான் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று வந்தது. அதிலே இன்னொன்றும் இருக்கிறதாம், யாரையும் வற்புறுத்தக்கூடாது, எது வேண்டும் வேண்டாம் என்று பெண்ணே தெரிந்துகொண்டு முடிவெடுக்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் அம்மா ஞாபகம் வந்தது. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு அவருக்கு ஒப்பரேஷன் செய்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள், என்ன கையெழுத்து என்று யாரும் வாசித்துக் காட்டவில்லை, கொஞ்சம் காசு கொடுத்தார்கள், இரண்டு வாரத்தில் மலைக்கு ஏறிவிட்டார். இன்னொரு பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று அம்மாவிடம் யாரும் கேட்கவே இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல நான் வரவில்லை, இப்படி எத்தனை அம்மாமார் என்று லயத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அங்கே கொடுக்கமாட்டோம் என்றார்கள், இங்கே கேட்காமலே செய்தார்கள். இரண்டு பக்கமும் பெண்ணிடம் கேட்கவில்லை. அதனால்தான் அவள் ஏன் அழுதாள் என்று எனக்கு அன்றைக்கே விளங்கியது.

---

பதுளை நீதிமன்ற வீதி எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். நான் எழுதாமல் விட்டது அதுதான். லாக்மனின் அந்தக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டமூலம் பதின்மூன்று பதினான்கு வருடம் இழுபட்டது. 2012 டிசெம்பர் 13 இரண்டாம் வாசிப்பில் 113க்கு 104, ஒன்பது வாக்கு வித்தியாசம்தான். நான்கு நாள் கழித்து மூன்றாம் வாசிப்பில் 133க்கு 79. கையெழுத்தானபிறகும் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது, 2014 ஏப்ரலில்தான் சில பிரிவுகளை வெட்டிவிட்டு மிச்சத்தை ஏற்றுக்கொண்டது. கத்தோலிக்க வாக்காளர்களே நிறைந்த தொகுதியிலிருந்து வந்து, கத்தோலிக்கச் சபை நேருக்கு நேர் எதிர்த்தும் பின்வாங்காமல் நின்றார் என்பதைச் சும்மா எடுத்துக்கொள்ளக்கூடாது. விவாகரத்துச் சட்டமூலமும் அப்படித்தான். வத்திக்கானை விட்டால் விவாகரத்துச் சட்டம் இல்லாத நாடு அதுதான். 2024 மே மாதம் சபையில் நிறைவேற்றிவிட்டார், மேல்சபையான செனட் எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

---

கம்பளைக்காரன் எழுதியது:

எல்லாம் சரி அண்ணே. தங்கச்சி குறையும் கேட்டிருக்கிறாரே, அதை ஏன் ஒருவரும் தொடவில்லை?

இடைவெளி என்று மூன்று தவணைக் கணக்குச் சொன்னீர்கள். அந்த இடைவெளியில் கதிரையில் இருந்தது யார்? 1998 முதல் 2004 வரை அவருடைய மகள். 2013 முதல் 2016 வரை அவருடைய மகன். 1987இலிருந்து அவர் இறக்கும்வரை அந்தத் தொகுதி ஒரு நாள்கூட அந்த வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அப்புறம் மகள் தபாக்கோ மேயராகவும் மகன் மாகாண ஆளுநராகவும் இருந்தார்கள். அந்த நாட்டு அரசியலமைப்பே அரசியல் குடும்ப ஆட்சியைத் தடைசெய்யவேண்டும் என்று சொல்கிறது, ஆனால் சட்டம் மூலம் வரையறுக்கப்படும் என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டார்கள், 1987இலிருந்து அந்தச் சட்டம் வரவே இல்லை. சட்டம் எழுதுவதில் இத்தனை கெட்டிக்காரர் இருந்த சபையில் அந்த ஒரு சட்டம் மட்டும் வரவில்லை என்றால் நாம் கேட்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. அறோயோ ஜனாதிபதியாக இருந்த காலத்தில் இவர் அந்த அம்மா பக்கம். அதே காலத்தில்தான் இடதுசாரி ஆட்கள் வரிசையாகக் கொல்லப்பட்டார்கள், காணாமல் போனார்கள், ஐ.நா. அறிக்கையாளர் வந்து 2007இல் எழுதி வைத்தார். 2006இல் இரண்டு பல்கலைக்கழக மாணவிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அந்த வழக்கில் ஜெனரல் பல்பாரான் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது 2018இல். தம்பியை இழந்தவர் அந்த ஆட்சிக்குள் எப்படி இருந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை.

இதை நான் அவர் மேல் உள்ள வெறுப்பில் எழுதவில்லை. நாங்கள் மலையகத்தில் தாத்தாவுக்குப் பிறகு பேரன், பேரனுக்குப் பிறகு அவர் மகன் என்று பார்த்துப் பழகியவர்கள். சௌமியமூர்த்தி தொண்டமான் 1999இல் போனார், ஆறுமுகன் 2020இல், இப்போது ஜீவன். அந்தக் குடும்பம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன், பிரஜாவுரிமை என்ற பேச்சு வந்தால் பெரியவர் பெயரை விட்டுவிட்டுப் பேசமுடியாது. ஆனால் பெயர் ஒன்று ஊரில் ஊன்றிவிட்டால் அதன் நிழலில் வேறு பிள்ளைகள் முளைப்பது கஷ்டம். தங்கச்சி மாதிரிப் படிக்கிற பிள்ளைகளுக்கு யார் வேட்பாளர் பட்டியலில் இடம் கொடுப்பார்கள்? அப்பாவின் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது.

---

பதுளை நீதிமன்ற வீதி எழுதியது:

கம்பளைத் தம்பி சொன்னதில் ஒன்றையும் மறுக்கமாட்டேன். கதிரை குடும்பச் சொத்தாகப் போனது உண்மை. நான் சொல்வது ஒன்றுதான்: அதே கதிரையில் உட்கார்ந்துகொண்டு வாழ்த்துச் செய்தியும் கூரைத்தகடும் கொடுத்தே முப்பது வருடத்தை ஓட்டியிருக்கலாம், ஓட்டியவர்கள் நிறையப் பேர். இவர் ஒவ்வொரு முறையும் அதே சட்டமூலத்தைத் தூசு தட்டித் திரும்பக் கொண்டுவந்தார். குறையையும் இதையும் சேர்த்தே வைத்துப் பாருங்கள்.

---

மஸ்கெலியா பழைய கணக்கப்பிள்ளை எழுதியது:

மகள், நான் ஓய்வுபெற்ற ஆள், பேரன்தான் டைப் பண்ணித் தருகிறான். எல்லாரும் பேசுகிறீர்கள், காணியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

இந்த மனிதர் 2009இல் காணிச் சீர்திருத்தத்தை நீடித்த சட்டத்துக்கும் முக்கிய ஆள் என்று பேரன் வாசித்துக் காட்டினான். அவர்கள் 1988இல் ஒரு சட்டம் போட்டார்கள், நிலச்சுவாந்தர் ஐந்து ஹெக்டயர்தான் வைத்துக்கொள்ளலாம், மிச்சம் உழுகிறவனுக்கு. இருபது வருடத்தில் முடியவில்லை, அதனால் இன்னும் ஐந்து வருடமும் 150 பில்லியன் பேசோ பணமும் என்று 2009இல் நீடித்தார்கள். அங்கே லூயிசிட்டா என்று ஒரு பெரிய சீனித் தோட்டம், ஜனாதிபதி அக்கினோ குடும்பத்துடையது. அந்தத் தொழிலாளிகளுக்கு நிலத்துக்குப் பதிலாகக் கம்பனிப் பங்கு கொடுத்துச் சமாளித்தார்கள். ஜனங்கள் போராடினார்கள், 2004இல் வேலைநிறுத்தத்தில் ஏழு பேரைச் சுட்டார்கள், கடைசியில் 2012இல் உயர் நீதிமன்றம் பங்கு கிங்கு எல்லாம் வேண்டாம், நிலத்தைக் கொடு என்று ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது.

இதைக் கேட்டதும் நான் எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஏன் தெரியுமா? எங்களுக்கும் பங்குதான் கொடுத்தார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் என்று தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, மலையில் நின்ற எங்களுக்கு ஒரு அடி நிலம் கொடுக்கவில்லை. எங்கள் ஆட்கள் பட்டினியில் வடக்கே வவுனியாப் பக்கம் போனார்கள், 77 கலவரத்துக்குப் பிறகு இன்னும் போனார்கள். அப்புறம் 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள், பின்னால் பங்குகளை விற்றபோது தொழிலாளிக்குப் பத்து வீதம் இலவசம் என்றார்கள். என் மனைவி கொழுந்து பறித்தவள், அவள் பெயரில் வந்த பங்குப் பத்திரம் இன்னும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. அவள் போய் ஆறு வருடம். காகிதம் இருக்கிறது, நிலம் இல்லை. ஏழு பேர்ச் காணி என்றார்கள், பத்துப் பேர்ச் என்றார்கள், காணி உறுதி கையில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் டிவிஷனில் நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

அங்கேயும் எல்லாம் சுத்தமாக நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தொழிலாளி நீதிமன்றத்தில் போய் நின்றபோது கையில் பிடித்துக்கொள்ள ஒரு சட்டம் இருந்தது. எங்களிடம் சுற்றுநிருபம் இருந்தது, வாக்குறுதி இருந்தது. அப்பாவிடம் இதைச் சொல்லு மகள், அவர் சங்கத்தில் இருந்தவர், வித்தியாசம் அவருக்கு விளங்கும்.

---

ஹட்டன் மாணவி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு கரண்ட் போயிருந்தது, விளக்கை வைத்துக்கொண்டு போனிலிருந்து இந்தத் திரி முழுவதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தலவாக்கலை அக்கா எழுதிய இடத்தில் அம்மா குசினியிலிருந்து வந்து கதவுப் பக்கம் நின்றார், ஒன்றும் பேசவில்லை. கணக்கப்பிள்ளை ஐயா எழுதியதைக் கேட்டுவிட்டு அப்பா, எங்கள் வீட்டிலும் அந்தக் காகிதம் இருக்கிறது என்றார். எனக்கு அது இதுவரை தெரியாது.

கம்பளை அண்ணன் எழுதியதுதான் அப்பாவுக்கு நன்றாகப் பிடித்தது, இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். லாக்மன் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சு அதோடு நின்றுவிட்டது. கடைசியில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அந்தத் தம்பி கிடைத்தாரா?" இல்லை அப்பா, 1977இலிருந்து இன்றுவரை ஒரு தடயமும் இல்லை என்றேன். சட்டம் எழுதின அண்ணனும் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாரா என்று கேட்டுவிட்டு, வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். அப்பாவுடைய சின்ன அண்ணன் 77க்குப் பிறகு வவுனியா போனவர், அப்புறம் கிளிநொச்சி. 2009க்குப் பிறகு அவரைப் பற்றி எங்களுக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை.

பதுளை அண்ணே, எனக்கு இரண்டு உதவி வேண்டும். அந்த 10353 சட்டத்தின் முழு வாசகத்தையும் அனுப்பமுடியுமா? நம்முடைய 2018 சட்டத்தோடு பிரிவு பிரிவாக வைத்து ஒப்பிட்டு என் ஒப்படையை எழுதப்போகிறேன், முடிந்தால் தமிழிலும். மற்றது, பெரியப்பாவுக்காகக் காணாமல் போனோர் அலுவலகத்தில் ஒரு முறைப்பாடு இப்போதும் பதியமுடியுமா, அதற்கு என்னென்ன கடிதங்கள் வேண்டும்? அவருடைய பழைய அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி ஒன்று மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது.